சாமிப் பலகை சாயாமல் ஏறிய வரலாறு

எலச்சிபாளையத்துக்கு மேற்கே ஒரு நிலக்கடலைக் காட்டோரம் 1958ஆம் ஆண்டு சௌந்திரம் அம்மையார் பிறந்தபோது வானத்தில் எந்த அறிகுறியும் தோன்றவில்லை. மழைகூடப் பெய்யவில்லை. அந்தப் பக்கத்தில் அது வழக்கமும் இல்லை. பிற்காலத்தில் அவர் என்ன ஆவார் என்பதை முதலில் உணர்ந்தவர் பள்ளிக்கூடத்து ஓவிய வாத்தியார். மாம்பழம் ஒன்று வரையச் சொன்னபோது, "எத்தனை இஞ்ச் மாம்பழமுங்க சார்?" என்று கேட்ட ஒரே மாணவியை அவர் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். அம்மையார் வெளியே நின்றபடி கதவை அளந்தார்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் இயந்திர வரைவாளர் படிப்பை முடித்து, 1979இல் திருச்செங்கோட்டில் மயில்சாமியின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காலத் திருச்செங்கோட்டில் இரண்டு வகை மனிதர்களே இருந்தார்கள்: போர்வெல் ரிக் வைத்திருப்பவர்கள், ரிக் வாங்கப் போகிறவர்கள். வெறும் லாரியாக உள்ளே வரும் வண்டியின் மேல் துளைபோடும் இயந்திரத்தையும், நிலத்துக்குள் இறக்கும் தண்டுகளைத் தூக்கிப் பிடிக்கும் மாஸ்ட் என்ற நெடிய இரும்புக் கோபுரத்தையும் ஏற்றி அனுப்புவது மயில்சாமி பட்டறையின் தொழில்.

அங்கே வரைபடத்துக்குத் தனியான மரியாதை இருந்தது. அதாவது யாரும் அதைத் தொடமாட்டார்கள். முதலில் தலைமை ஃபிட்டர் சின்னண்ணன் கண்ணளவில் ரிக்கைக் கட்டி முடிப்பார். பிறகு சௌந்திரம் டேப்பை எடுத்துக்கொண்டு போய், கட்டியதை அளந்து, அழகாக வரைந்து கொடுப்பார். குழந்தை பிறந்த பிறகு ஜாதகம் எழுதுகிற மாதிரி. பேங்கில் ஒரு பிரதி, ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு பிரதி. எட்டு வருடங்களில் அம்மையார் வரைந்து, அதன் பிறகு உண்டான பொருள் ஒன்றுகூட இந்தப் பூமியில் இல்லை.

1987 ஐப்பசியில் தங்கசாமி என்ற பெரிய ரிக்குக்காரர் புது வண்டிக்குச் சொல்லியிருந்தார். நிலத்தடி நீர் கீழே கீழே போனதால் பத்தடித் தண்டு போய் இருபதடித் தண்டு வந்துவிட்டது. தண்டு நீண்டால் மாஸ்டும் நீள வேண்டும். பதினெட்டடி மாஸ்ட், பயணத்தின்போது லாரியின் பின்முனையிலிருந்து முன்னோக்கிப் படுத்து, கேபினைத் தொடும் முன்பே முடிந்துவிடும். முப்பதடி மாஸ்டோ கேபினையும் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டு படுக்கும். சின்னண்ணன் அதைப் படுக்க வைத்துப் பார்த்த அன்றுதான் தங்கசாமி வந்து சேர்ந்தார்.

"ஏப்பா மயிலு, இது என்ன?"

"மாஸ்டுங்க."

"அது தெரியுது. எங்க படுத்திருக்குது?"

"கேபின் மேலீங்க. முப்பதடி. வேற எங்கீங்க படுக்கும்?"

"கேபின் மேல என்ன இருக்குது?"

"பலகைங்க."

"பலகைல என்ன எழுதியிருக்குது?"

மயில்சாமி அண்ணாந்து பார்த்தார். சிவப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில், இரண்டு ஓரமும் கிளிகள் காவல் நிற்க, 'பொன்காளியம்மன் துணை' என்று எழுதியிருந்தது. அதற்கு நேர் மேலே இரண்டு டன் இரும்பு நிம்மதியாகப் படுத்திருந்தது.

"எங்காத்தா பேருக்கு மேல காலை நீட்டிட்டுப் படுக்கற வண்டி எனக்கு வேண்டாம். நாளைக்கு இத வெச்சுப் போர் போட்டா தண்ணி வருமா, பொகை வருமா?"

பலகையைக் கீழே பம்பருக்கு இறக்கலாம் என்றார் மயில்சாமி. ஊர்ப்பட்ட சேற்றையும் ஆத்தாள் முகத்தில் அடிக்கவா என்றார் தங்கசாமி. பின்பக்கம் மாட்டலாமா? ஆத்தாள் என்ன கிளீனரா, பின்னால் தொங்கிக்கொண்டு வர? மாஸ்டைக் குறைக்கலாமா? குறைத்தால் தண்டு நிற்காது. ஆக, பலகை முன்னால் இருக்க வேண்டும், எதற்கும் கீழே இருக்கக் கூடாது, மாஸ்டும் முப்பதடி இருக்க வேண்டும். எட்டு வருடமாக அளந்துகொண்டிருந்த அம்மையார் அப்போது வாய் திறந்தார்.

"பலகைய மாஸ்ட் நுனியிலயே வெச்சுட்டா என்னுங்க?"

தங்கசாமி முகம் மலர்ந்தது. படுத்திருக்கும்போது எல்லாவற்றுக்கும் முன்னால், எல்லாவற்றுக்கும் மேலே. துளை போடும்போது முப்பதடி உயரத்தில், மூன்று ஊருக்குத் தெரிய. பிறகு கையை மாஸ்ட் போல் நீட்டி, மெல்ல உயர்த்திப் பார்த்தார். முன்பக்கம் பார்த்திருந்த உள்ளங்கை, கை நிமிர்ந்ததும் ஆகாயத்தைப் பார்த்தது. முகம் சுருங்கியது.

"ஏனம்மிணி, ஆத்தா வானத்தைப் பாத்துட்டு மல்லாந்திருந்தா, நெலத்துல தண்ணிய ஆரு பாக்கறது?"

"மாஸ்ட் எந்திரிச்சாலும் பலகை சாயாம நேரா நின்னாப் போதுமுங்களா?"

"அப்படி நின்னா எடுத்துக்கறேன். தை பொறக்கறதுக்குள்ள நிக்கோணும். இல்லீன்னா பக்கத்துப் பட்டறைக்குப் போறேன்."

அவருடைய ஜீப் கிளம்பிய புழுதி அடங்கும் முன்பே மயில்சாமி தீர்ப்பு சொன்னார். "வாயத் தொறந்தது நீ. நீயே முடி. ஆகலீன்னா கோயமுத்தூர்ல ஒரு இஞ்சினீயரைப் பேசி வெச்சிருக்கறேன், அவரை உன் ஸ்டூல்ல உக்கார வெச்சுருவேன். நீ ஸ்டோர்ல நட்டு போல்ட்டு எடுத்துக் குடுத்துட்டு இரு."

அம்மையார் தமது ஸ்டூலில் போய் அமர்ந்தார். விடை அவர் கைக்கடியிலேயே இருந்தது. மினி டிராஃப்டர் என்று ஒரு கருவி. வரைபலகையின் ஓரத்தைக் கவ்விக்கொள்ளும். இரட்டைக் கம்பிகளால் ஆன அதன் கையை எந்த மூலைக்கு நீட்டினாலும் நுனியில் இருக்கும் அளவுகோல் மட்டும் சாயவே சாயாது. இரண்டு கம்பிகளும் எப்போதும் இணையாக ஓடுவதுதான் காரணம். மாஸ்ட் ஒரு கம்பி என்றால், அதனோடு இணையாக இன்னொரு மெல்லிய குழாய் ஓடினால், நுனியில் இருக்கும் ஆத்தாளும் சாய மாட்டாள்.

யோசனை சரி. ஆனால் முப்பதடி இரும்பை வெட்டிவிட்டு "மன்னிச்சுக்குங்க" என்று அதை ஒட்ட முடியாது. எந்தக் கோணத்தில் எது எங்கே இடிக்கும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். சேலத்தில் ஒரு கல்லூரியில் கணிப்பொறி வந்திருப்பதும், சொந்தக்காரர்கள் அங்கே போய்ப் பிள்ளைகளுக்கு ஜாதகம் எடுத்து வந்ததும் அவர் அறிந்திருந்தார். சேலம் சூரமங்கலத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறிப் போனார்.

கணிப்பொறி அறை வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே குளிர் வைத்திருந்தார்கள். திரையின் நெற்றியில் ஆயுத பூஜைக் குங்குமம் இன்னும் அழியவில்லை. எதிரே தீர்த்தகிரி என்ற இளம் விரிவுரையாளர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஜாதகம்னா அடுத்த வாரம் வாங்க. பிரிண்டர் ரிப்பேர்."

"ஜாதகமில்லீங்க. மாஸ்ட்."

விவரம் கேட்டதும் தீர்த்தகிரி எழுந்து நின்றார். இரண்டு வருடம் தூங்காமல் அவர் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார். திரையில் கோடு போடலாம். இந்தக் கோட்டின் நீளம் மாறக் கூடாது, இந்தப் புள்ளி நகரக் கூடாது, இவை இரண்டும் இணையாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப்போடலாம். பிறகு ஒரு கோட்டை நகர்த்தினால், கட்டுகள் அறுபடாமல் மற்றவை எப்படி நகரும் என்று காட்டும். கல்லூரிக்காரர்களோ அந்த இயந்திரத்தை மார்க்கு கூட்டவும், ஊரார் செவ்வாய் தோஷம் பார்க்கவும் பயன்படுத்தினார்கள். அவரது புரோகிராமைத் தேடி வந்த முதல் பக்தை சௌந்திரம்தான்.

"எது சொன்னாலும் கேட்கும் மேடம். சொல்லாததை மட்டும் தெரிஞ்சுக்காது."

மேடம் என்று ஒருவர் அழைத்தது அம்மையார் வாழ்க்கையில் அதுவே முதல் முறை. திரும்பிப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார். லாரி, கேபின், மாஸ்ட், இணைக்குழாய், பலகை எல்லாம் பச்சைக் கோடுகளாகத் திரையில் வந்தன. ஒவ்வொன்றின் நீளத்தையும் கட்டினார். மாஸ்டைத் தூக்கு என்று ஆணையிட்டார். இயந்திரம் நான்கு நிமிடம் யோசித்தது. மாஸ்ட் அசையவில்லை. லாரி எழுந்து வாலில் நின்றது.

"லாரி நிலத்துல நிக்குதுன்னு நீங்க சொல்லலை" என்றார் தீர்த்தகிரி.

"லாரி நிலத்துல நிக்காம பின்ன எங்கீங்க நிக்கும்?"

"நமக்குத் தெரியும். இதுக்குத் தெரியாது."

லாரியைப் பூமியோடு கட்டினார். சந்தேகத்துக்கு இடமின்றி, சேசிஸ் மட்டமாக இருக்க வேண்டும், கேபின் கூரை மட்டமாக இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருக்க வேண்டும் என்று சேர்த்தார். இயந்திரம் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டது.

"கட்டு அதிகமாயிடுச்சு மேடம். ஒரே விஷயத்தை ரெண்டு மூணு தடவை சொன்னா இது வேலை செய்யாது."

"எங்க மொதலாளி மூணு தடவை சொன்னாத்தானுங்க வேலையே செய்வாரு."

ஒரு கட்டை அவிழ்த்தார்கள். இயந்திரம் சமாதானமானது. மாஸ்ட் படுத்திருந்தது, பலகை நேராக நின்றது. ஐந்து பாகை தூக்கச் சொன்னார்கள். நான்கு நிமிடம் கழிந்து வந்த படத்தைப் பார்த்துத் தீர்த்தகிரி தலையில் கைவைத்துக்கொண்டார். மாஸ்ட் சரியாகத்தான் எழுந்திருந்தது. பலகை தலைகீழாகத் தொங்கியது.

"புரோகிராம்ல எங்கியோ தப்பு" என்றார், இரண்டு வருடத் தூக்கமும் ஒரேயடியாகக் கண்ணில் இறங்க. "நீங்க போயிட்டு அடுத்த மாசம் வாங்க."

அம்மையார் போகவில்லை. சோற்றுப் பொட்டலம் கட்டி வந்த அட்டையை நான்கு பட்டைகளாகக் கிழித்தார். பட்டைகளின் முனைகளை, ரவிக்கைக்கு வாங்கிப் பையில் வைத்திருந்த அழுத்துப் பட்டன்களால் கோத்து மேசைமேல் படுக்க வைத்தார். திரையில் போலவே, மாஸ்டும் இணைக்குழாயும் அடியில் லாரியோடு சேரும் இரண்டு மூட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மட்டத்தில் இருந்ததால், எல்லாப் பட்டைகளும் ஒரே கோட்டில் படுத்துக்கொண்டன. தூக்கினார். பலகைப் பட்டை நேராக எழுந்தது. படுக்க வைத்து மறுபடி தூக்கினார். கவிழ்ந்தது.

"உங்க மெசினு பொய் சொல்லலீங்க. எல்லாம் ஒரே கோட்டுல படுத்திருக்கறப்ப பலகைக்கு ரெண்டு வழி இருக்குது. நேரா எந்திரிக்கலாம், கவுந்தும் எந்திரிக்கலாம். எதுல போறதுன்னு நாந்தான் சொல்லாம உட்டுட்டேன்."

தீர்த்தகிரி அட்டையை வாங்கிப் பதினான்கு முறை தூக்கிப் பார்த்தார். ஆறு முறை கவிழ்ந்தது. தாம் அறியாத உண்மை ஒன்றைத் தமது புரோகிராம் அறிந்திருந்த பெருமையில் அவருக்குக் கண் கலங்கியது.

வழி எளிது. குழாயின் அடி மூட்டை மட்டமாக வைக்காமல், பின்னோக்கி மூலைவாக்கில் சாய்த்து உயர்த்திவிட வேண்டும். பலகைப் பக்கத்திலும் அதே சாய்வு. அப்போது மாஸ்ட் படுத்தாலும் நின்றாலும் நடுவழியில் இருந்தாலும் எல்லாம் ஒரே கோட்டில் வரவே வராது. பலகைக்கு ஒரே வழி. படுத்ததிலிருந்து நிமிர்வது வரை ஐந்தைந்து பாகையாகப் பத்தொன்பது நிலைகள். நிலைக்கு நான்கு நிமிடம். பதினேழாவது நிலையில் கரண்ட் போனது. வந்ததும் முதலிலிருந்து தொடங்கினார்கள். பிரிண்டர்தான் ரிப்பேராயிற்றே, ஒவ்வொரு படமும் திரையில் வர வர அம்மையார் பென்சிலால் எழுதி எடுத்துக்கொண்டார். பத்தொன்பதிலும் ஆத்தாள் நேராக நின்றாள். கேபினுக்கும் மாஸ்டுக்கும் நடுவே நான்கு விரற்கடை இடமும் மிச்சம்.

திருச்செங்கோட்டுத் தொழில் வரலாற்றில் அதுவரை நடக்காத சம்பவம் அடுத்த வாரம் நடந்தது. இரும்புக்கு முன்னால் வரைபடம் பட்டறைக்குள் வந்தது. சின்னண்ணன் அதை மூன்று பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ரிக்கு எங்கம்மிணி? இன்னும் கட்டவேயில்ல, எதப் பாத்து வரைஞ்ச?"

"இதைப் பாத்து நீங்க கட்டறதுக்குங்ணா."

இருபத்திரண்டு வருட அனுபவத்துக்கு இது ஒரு சோதனை. ஆனாலும் சின்னண்ணன் நல்ல மனிதர். கட்டினார். மார்கழி கடைசி வாரம், தங்கசாமி குடும்பத்தோடு பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியனுப்பிய நாளில், அம்மையார் ஏழு மணிக்கே ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். குழாயின் அடி மூட்டுமேல் வைத்தார். குமிழ் நட்டநடுவில் வந்து நின்றது. உலகத்தில் ரசமட்டக் குமிழ் நடுவில் நின்றதைப் பார்த்து நெஞ்சு பதறிய முதல் வரைவாளர் அவராகத்தான் இருப்பார்.

"ஏனுங்ணா, இது எப்படி மட்டமா நிக்குது?"

சின்னண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நீ கோணையா வரைஞ்சிருந்த அம்மிணி. ரெண்டு முனையிலயும். வெளிய தெரிஞ்சா உனக்குத்தான் கேவலம்னு நானே நேராக்கிட்டேன். ஆருகிட்டயும் சொல்லலை."

பிழை கருணையால் விளைந்தது. அம்மையார் கோபிக்கவில்லை. நேரமில்லை. "சாமிப் பலகைய மாட்ட வேண்டாமுங்க. வேற ஏதாச்சும் பலகை மாட்டித் தூக்கிப் பாக்கலாம்" என்றார். பட்டறைச் சுவரோரம் இருந்த 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' பலகையைக் கழற்றி மாஸ்ட் நுனியில் மாட்டினார்கள். சின்னண்ணன் நெம்புகோலைத் தள்ளினார். மாஸ்ட் எழுந்தது. அறிவிப்பு நேராக, கம்பீரமாக, ஊருக்கே தெரிய முப்பதடி உயரத்தில் நின்றது.

"பாத்தியா? நேரா வெச்சா நேரா நிக்கும். இதுக்குப் போயி கம்ப்யூட்டராம்."

"எறக்கி இன்னொருக்கா ஏத்துங்க."

இரண்டாம் முறையும் நேராக நின்றது. சின்னண்ணன் பீடியைப் பற்ற வைத்தார். மயில்சாமி வாசலுக்கு வந்து, "போதுமம்மிணி, சாமிப் பலகைய மாட்டுங்க, அவங்க வர்ற நேரம்" என்றார்.

"இன்னும் ஒருக்காங்க மொதலாளி."

"நின்னுதில்ல? எத்தனை தடவை பாக்கறது?"

"இன்னும் ஒரே ஒருக்கா. இந்தத் தடவையும் நின்னா நானே போயி ஸ்டோர்ல உக்காந்துக்கறேன்."

சின்னண்ணன் மூன்றாம் முறை நெம்புகோலைத் தள்ளினார். மாஸ்ட் ஒரு சாண் எழுந்தது. நுனியில் ஏதோ நடுங்கியது. டங் என்ற சத்தத்தோடு பலகை கரணம் போட்டது. மாஸ்ட் நிமிர நிமிர, கழிக்காதீர் என்ற கட்டளை தலைகீழாக ஆகாயம் ஏறியது.

யாரும் சிரிக்கவில்லை. சின்னண்ணன் உதட்டிலிருந்த பீடி கீழே விழுந்தது. அந்த இடத்தில் பொன்காளியம்மன் பெயர் இருந்திருந்தால் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்துப் பார்த்தார்கள். மயில்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மிணி," என்றார் சின்னண்ணன், "அந்தக் கோணை எத்தனை பாகைன்னு சொன்ன?"

"நாப்பத்தஞ்சுங்ணா. ரெண்டு முனையிலயும்."

"மணி எத்தனை?"

"ஏழேமுக்கால்."

சின்னண்ணன் சட்டையைக் கழற்றினார். இரண்டு மூட்டுகளையும் அறுத்து, சாய்த்து, அம்மையார் கோணமானியைப் பிடிக்க, மறுபடி வெல்டிங் வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அவர் ஒவ்வொரு ஒட்டுக்கும் வரைபடத்தைப் பார்த்தார். ஒன்பதே முக்காலுக்கு வெல்டிங் ஆறியது. அறுத்து ஒட்டிய தடத்தை மஞ்சள் பெயிண்ட் தடவி மறைத்தார்கள். ஏழு முறை தூக்கினார்கள். ஏழு முறையும் நேராக நின்றது. சாமிப் பலகையை மாட்டி முடித்தபோது ஜீப் ஹாரன் கேட்டது.

தங்கசாமி மனைவி செல்லாயியோடும், பூசணிக்காயோடும், சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறையவும் வந்து இறங்கினார். படுத்திருந்த மாஸ்டின் நுனியில், கேபினுக்கும் முன்னால், எல்லாவற்றுக்கும் மேலே ஆத்தாள் பெயர் நின்றது. தங்கசாமி, தூக்கு என்று கையைக் காட்டினார்.

மாஸ்ட் எழுந்தது. பலகை சாயவில்லை. பத்தடி, இருபதடி, முப்பதடி. கிளிகள் இரண்டும் இருந்த இடத்திலிருந்து இம்மியும் தலை சாய்க்காமல் மேலே போயின. மார்கழி வெயிலில் மஞ்சள் எழுத்து மின்னியது. சாலையில் போன டவுன் பஸ் நின்றது. உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியே கும்பிட்டார்கள். டிரைவர் இறங்கியே கும்பிட்டார்.

"எறக்கு" என்றார் தங்கசாமி. இறங்கியது. "ஏத்து." ஏறியது. ஐந்தாவது முறை செல்லாயி கணவர் காதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"ஏனுங்க, எறங்கறப்பவும் நம்மளப் பாத்துட்டேதானுங்க எறங்கறா."

அதற்கு மேல் பரிசோதனை தேவைப்படவில்லை. பூசணிக்காய் உடைந்தது. "இத ஆரு பண்ணுனது?" என்று தங்கசாமி கேட்க, மயில்சாமி நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தார். அவர் வார்த்தை வெளியே வருவதற்குள் சின்னண்ணன் கையை நீட்டிவிட்டார்.

"அந்தம்மிணிதானுங்க. அதுல பாருங்க, அந்தக் கோணை இருக்குதே, அதுலதான் சூட்சுமமே இருக்குது. வெவரம் தெரியாதவன் அதைப் போயி நேராக்குவான். கவுந்துருமுங்க!"

கோயமுத்தூர் இஞ்சினீயருக்கு அன்று மாலையே 'வர வேண்டாம்' என்று தந்தி போனது. மறுநாள் ஸ்டூலை எடுத்துவிட்டு, முதுகு சாயும் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார் மயில்சாமி. தை பிறந்ததும் தங்கசாமி சேந்தமங்கலம் பக்கம் முதல் துளை போட்டார். இருநூற்று அறுபதடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அது ஆத்தாள் அருளா, அடிநிலத்துப் பாறையின் குணமா என்ற ஆராய்ச்சிக்கு இந்த வரலாறு பொறுப்பேற்காது. ஆனால் சித்திரைக்குள் பதினொரு ரிக்குக்காரர்கள் மயில்சாமி பட்டறையில் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேருக்கும் சாமி சாயாமல் ஏற வேண்டும்.

அம்மையார் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார். வண்டிக்குச் சொல்ல வருகிறவர் முதலில் ஒரு தாளை நிரப்ப வேண்டும். சேசிஸ் நீளம், தண்டு நீளம் எல்லாம் கீழேதான். முதல் கேள்வி: சாமி எங்கே இருக்க வேண்டும்? இரண்டாவது: எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? மூன்றாவது: அதற்கு மேலே எது போகக் கூடாது? ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வாரம் ஒரு நாள் நிரப்பிய தாள்களோடு சேலம் பஸ் ஏறுவார். அன்றைக்கு மட்டும் கணிப்பொறியில் யாருக்கும் ஜாதகம் கிடையாது என்று தீர்த்தகிரி வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்.

வைகாசியில் பள்ளிபாளையத்திலிருந்து வேலுசாமி என்பவர் வந்தார். கறுப்புச் சட்டை. தாளை வாங்கி, முதல் கேள்வியைப் பார்த்து ஏளனமாகச் சிரித்து, 'சாமி கிடையாது' என்று எழுதினார். அம்மையார் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனார். வேலுசாமி எழுந்து வாசல்வரை போனார், நின்றார், திரும்பி வந்தார்.

"ஏனுங்கம்மா, முன்னால தலைவர் படம் ஒண்ணு மாட்டுவேன்."

"மாட்டுங்க."

"அது சாயக் கூடாதுங்க."

சௌந்திரம் அம்மையார் புதுத் தாள் ஒன்றை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"எந்தப் பக்கம் பாக்கோணும்னு எழுதுங்க."